நாமே நிறுவுவோம் லினக்ஸ்!

- மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவர், வடகவுஞ்சி



பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் வருஷமே நம்மை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி, கையில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து 'ராவு' என்கிறார்கள். உள்ளங்கை கொப்பளிக்க ராவுகிறோம். ட்ரை ஸ்கொயர் வைத்துப் பார்க்கிறோம். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் ராவுகிறோம். அந்தத் துண்டை யாரும் விலைக்கு வாங்கப் போவதில்லை. இரும்பு எங்கே இளகும், எங்கே முரண்டு பிடிக்கும் என்பது கைக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடு.

கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நாம் இப்படி நடந்துகொள்வதில்லை. ஸ்விட்சைத் தட்டுகிறோம், வண்ணப்படம் வருகிறது. வரவில்லை என்றால் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். "ஃபார்மட் போடணும் தம்பி, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்கிறார்கள். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். எங்கள் வடகவுஞ்சி மாதிரி மலைக் கிராமத்தில் இருப்பவர்களுக்கு அப்படியில்லை. பழநிக்கு இறங்கினாலும் சரி, கொடைக்கானலுக்கு ஏறினாலும் சரி, பஸ்ஸைப் பிடித்துப் போய்த் திரும்புவதற்குள் ஒரு நாள் போய்விடும். கொடுக்க ஒரு தடவை, வாங்க ஒரு தடவை. ஆக இரண்டு நாள் கூலி, இரண்டு நாள் வகுப்பு, அதற்கு மேல் ஃபார்மட் போட்ட காசு!

கடையில் செய்கிற அந்த வேலையை நாமே செய்ய முடியாதா? தாராளமாக முடியும். அதை எப்படிச் செய்வது, செய்தால் என்ன தெரிந்துகொள்வோம் என்பதைப் புதியவர்களுக்குச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இயங்குதளம் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் என்பது பிராசசர், மெமரி, டிஸ்க், கீபோர்டு, திரை எல்லாம் சேர்ந்த ஒரு பெட்டி. இவை ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்ய ஒரு மேஸ்திரி தேவை. அந்த மேஸ்திரிதான் ஆப்பரேட்டிங் சிஸ்டம். தமிழில் இயங்குதளம் என்கிறோம்.

அதற்குள்ளும் பல பாகங்கள் உண்டு. ஸ்விட்சைப் போட்டதும் போர்டில் உள்ள நிரல் (பழைய மெஷினில் பயாஸ், புதியதில் யூ.இ.எஃப்.ஐ.) விழித்து, டிஸ்க்கில் இருக்கும் 'பூட் லோடர்' என்ற சிறு நிரலை எழுப்புகிறது. பூட் லோடர், 'கெர்னல்' என்ற கருவை மெமரியில் ஏற்றுகிறது. யாருக்கு எவ்வளவு மெமரி, யார் முதலில் பிராசசரைப் பிடிப்பது, டிஸ்க்கில் எங்கே எழுதுவது என்று பங்கு பிரிப்பது கெர்னல். அதன்பின் நெட்வொர்க், மணி, லாகின் போன்ற பின்னணி வேலைகள் ஒவ்வொன்றாகத் தொடங்குகின்றன. கடைசியில்தான் நாம் பார்க்கிற திரை!

வாங்கும்போதே எல்லாம் பூட்டி வருகிற இயங்குதளத்தில் இந்தப் படிகள் கண்ணுக்குத் தெரியாது. லினக்ஸில் ஒவ்வொரு படியையும் தனித்தனியாகப் பார்க்கலாம், கழற்றலாம், மாட்டலாம்.

மாணவர்கள் தொடங்கிய வேலை

லினக்ஸ் பிறந்த கதை நம் போன்றவர்களுக்கு உற்சாகம் தரும் கதை. 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன், எல்லோரும் பயன்படுத்தவும், படிக்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை உள்ள ஓர் இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தார். அதற்கு 'க்னூ' என்று பெயர். கருவிகள் பலவும் தயாராகிவிட்டன, ஆனால் கெர்னல் மட்டும் கைகூடவில்லை.

1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தம்முடைய 386 கம்ப்யூட்டரில் பொழுதுபோக்காக ஒரு கெர்னல் எழுதிக்கொண்டிருப்பதாக அந்த ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஒரு இணையச் செய்திக் குழுவில் தெரிவித்தார். அதுதான் லினக்ஸ். 1992-இல் க்னூவின் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் அதை வெளியிட்டார். க்னூ கருவிகளும் லினக்ஸ் கெர்னலும் சேர்ந்ததும் முழு இயங்குதளம் கிடைத்துவிட்டது.

இவற்றையெல்லாம் தொகுத்து, நிறுவத் தயாராகக் கொடுப்பதை 'டிஸ்ட்ரிபியூஷன்' என்கிறார்கள். 1993-இல் வந்த ஸ்லாக்வேர் தொகுப்பைத் தொடங்கிய பாட்ரிக் வோல்கர்டிங் ஒரு மாணவர். அதே ஆண்டு டெபியன் தொகுப்பைத் தொடங்கிய இயன் மர்டாக் பர்டியூ பல்கலைக்கழக மாணவர். இரண்டும் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். 2017 நவம்பரில் வந்த பட்டியல் தொடங்கி, உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் எல்லாமே லினக்ஸில்தான் ஓடுகின்றன.

தமிழ்நாட்டில் லினக்ஸ்

இணையம் எட்டாக்கனியாக இருந்த 1990-களில், பி.சி.க்வெஸ்ட் என்ற பத்திரிகை இதழோடு இலவசமாகக் கொடுத்த சி.டி.தான் இந்தியாவில் பலருக்கு முதல் லினக்ஸ். சென்னையில் 1998 முதல் இந்திய லினக்ஸ் பயனர் குழு இயங்கி வருகிறது. மாதந்தோறும் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வழக்கம். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியனை அடிப்படையாக வைத்து இந்திய மொழிகளுக்கென்று 'பாஸ் லினக்ஸ்' உருவாக்கியது. 2007 வாக்கில் எல்காட் நிறுவனம் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதுகிறது. விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாக வகுப்பு எடுக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமானது, 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டம். பள்ளி மாணவர்களுக்கு மட்டுமல்ல, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் அது கிடைத்தது. அந்த லேப்டாப்பில் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதாவது, லினக்ஸ் அப்போதே மலையேறி எங்கள் ஊர் வீடுகளுக்குள் வந்துவிட்டது! ஆனால் வந்த விருந்தாளியை 'வாங்க' என்று கூப்பிட ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. நான் பார்த்த பல வீடுகளில், முதல் தடவை ரிப்பேருக்குப் போன லேப்டாப் திரும்பி வந்தபோது அதில் லினக்ஸ் இல்லை.

அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்த அந்த லேப்டாப் இன்றைக்கும் பல வீட்டில் அலமாரித் துணிக்கு அடியில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். 2.0 வசதியும் புதிய பிராசசரும் பழைய லேப்டாப் பெரும்பாலானவற்றில் கிடையாது. 'இனி இது காயலான் கடைக்குத்தான்' என்று அவசரப்பட வேண்டாம். நாம் படிப்பதற்கு இதைவிட நல்ல மெஷின் கிடைக்காது. கெட்டுப்போகுமோ என்ற பயம் இல்லாமல் கை வைக்கலாமே!

ஆர்ச் எதற்கு?

உபுண்டு, மின்ட் போன்ற தொகுப்புகளை நாலைந்து தடவை 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தினால் நிறுவிவிடலாம். நல்ல தொகுப்புகள்தான். ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. இன்னொரு கோடியில் 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்'. அதில் ஒவ்வொரு நிரலையும் மூலக்குறியீட்டிலிருந்து நாமே கம்பைல் செய்ய வேண்டும். செங்கல்லையும் நாமே அறுத்துச் சூளை வைத்து வீடு கட்டுகிற மாதிரி.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஆர்ச் லினக்ஸ். 2002-இல் கனடாவைச் சேர்ந்த ஜட் வினெட் தொடங்கியது. இங்கே செங்கல், ஜன்னல், கதவு எல்லாம் தயாராகக் கிடைக்கும். எதை எங்கே வைப்பது என்று தீர்மானித்துக் கட்டுவது நம் வேலை. டிப்ளமோ படிக்கிறவர்களுக்கு இந்த அளவுதான் சரி.

தேவையான பொருள்கள்

64 பிட் பிராசசர் உள்ள ஒரு லேப்டாப் வேண்டும். (32 பிட்டுக்கு ஆர்ச் 2017-இலேயே ஆதரவை நிறுத்திவிட்டது.) மெமரி 2 ஜி.பி. இருந்தால் போதும். 4 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று, இணையத்துக்கு ஒரு போன், வழிகாட்டியைப் படிக்க இன்னொரு போன் அல்லது பிரின்ட் எடுத்த தாள், ஒரு நோட்டுப் புத்தகம். தட்டுகிற ஒவ்வொரு கட்டளையையும், வருகிற பதிலையும் நோட்டில் எழுதுங்கள். லேப் ரெக்கார்டு எழுதுகிற பழக்கம் இங்கே நிஜமாகவே உதவும்.

முக்கியமான எச்சரிக்கை: லேப்டாப்பில் உள்ள போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். அக்காவின் கல்யாணப் போட்டோ போய்விட்டால் எந்த லினக்ஸாலும் திருப்பித் தர முடியாது!

படிப்படியாக

ஒன்று: ஆர்ச்சின் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு ஜி.பி.க்கு மேல் இருக்கும். கோப்பு முழுசாக வந்ததா என்பதைச் 'செக்சம்' பார்த்து உறுதிசெய்யுங்கள். பிறகு ரூஃபஸ் போன்ற ஒரு நிரலால் பென் டிரைவில் எழுதுங்கள். சும்மா காப்பி செய்தால் பூட் ஆகாது.

இரண்டு: பயாஸுக்குள் போய் 'செக்யூர் பூட்' இருந்தால் நிறுத்திவிட்டு, பென் டிரைவை முதலில் வையுங்கள். பூட் ஆனதும் கறுப்புத் திரையில் சில வரி எழுத்தும் ஒரு கர்சரும் மட்டும் தெரியும். 'என்னடா இது, ஒண்ணுமே வரல?' என்று பதறாதீர்கள். வர வேண்டியது அவ்வளவுதான். இனி பேச வேண்டியது நீங்கள்.

மூன்று: இணையம். போனை யு.எஸ்.பி. வயரில் மாட்டி 'டெதரிங்' போட்டால் பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும். வைஃபை என்றால் அதற்கென்று ஐ-டபிள்யூ-சி-டி-எல் என்ற கருவி உண்டு.

நான்கு: டிஸ்க்கைப் பிரிப்பது. முதலில் எல்-எஸ்-பி-எல்-கே என்று தட்டி, எது லேப்டாப் டிஸ்க், எது பென் டிரைவ் என்பதை அளவை வைத்து உறுதிசெய்யுங்கள். புதிய வகை மெஷினில் மூன்று துண்டு போதும்: பூட்டுக்கு 1 ஜி.பி., மெமரி நிரம்பினால் கைகொடுக்கும் 'ஸ்வாப்' 4 ஜி.பி., மீதியெல்லாம் 'ரூட்'. விவசாயி நிலத்தை வரப்பு கட்டிப் பிரிக்கிற மாதிரிதான். வரப்பு போட்ட பிறகு ஒவ்வொன்றிலும் கோப்பு முறையை உருவாக்க வேண்டும். ரூட்டுக்கு 'இ-எக்ஸ்-டி-4' நம்பகமானது.

ஐந்து: மவுன்ட் செய்வது. விண்டோஸில் சி, டி என்று தனித்தனி டிரைவ். லினக்ஸில் எல்லாம் ஒரே மரம். ஒவ்வொரு துண்டையும் மரத்தின் ஒரு கிளையில் ஒட்டுகிறோம். அதுதான் மவுன்ட்.

ஆறு: 'பேக்ஸ்ட்ராப்' என்ற கட்டளையால் அடிப்படைக் கருவிகள், கெர்னல், ஹார்டுவேருக்கான ஃபர்ம்வேர் மூன்றையும் இணையத்திலிருந்து இறக்கி டிஸ்க்கில் வைக்கிறோம். கூடவே நெட்வொர்க் மேனேஜரையும், கோப்புகளைத் திருத்த 'நானோ' எடிட்டரையும் சேர்த்துவிடுங்கள். பிறகு 'ஜென்-எஃப்-எஸ்-டேப்' கட்டளை, எந்தத் துண்டு எந்தக் கிளை என்ற பட்டியலை எழுதிக் கொடுக்கும்.

ஏழு: 'சேஞ்ச் ரூட்', சுருக்கமாக சி-ஹெச்-ரூட். இதுவரை பென் டிரைவில் நின்றுகொண்டு டிஸ்க்கில் வேலை செய்தோம். இப்போது கட்டுகிற வீட்டுக்குள்ளேயே நுழைகிறோம். நேர மண்டலத்துக்கு ஏசியா/கொல்கத்தா, மொழி, மெஷினுக்கு ஒரு பெயர், ரூட் பாஸ்வேர்டு எல்லாம் இங்கேதான். நெட்வொர்க் மேனேஜர் தானாகத் தொடங்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். மெஷினுக்குப் 'பழநிமலை' என்றோ உங்கள் ஊர்ப் பெயரோ வையுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? பெயரை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எட்டு: பூட் லோடர். 'கிரப்' என்பதை நிறுவி அமைத்தால் பழைய பயாஸ், புதிய யூ.இ.எஃப்.ஐ. இரண்டிலும் ஓடும். பென் டிரைவைக் கழற்றி ரீபூட் செய்யுங்கள். லாகின் கேட்டால் வெற்றி!

திரை வேண்டும் என்றால் அதன்பிறகு எக்ஸ்-எஃப்-சி-இ போன்ற இலேசான டெஸ்க்டாப்பை நிறுவலாம். பழைய லேப்டாப்புக்கு அதுவே போதும்.

2021 முதல் ஆர்ச்சோடு 'ஆர்ச்-இன்ஸ்டால்' என்ற நிரலும் வருகிறது. கேள்வி கேட்டுத் தானே நிறுவிவிடும். இரண்டாவது மெஷினுக்கு அதைப் பயன்படுத்துங்கள். முதல் தடவை கையாலேயே செய்யுங்கள்.

புதியவர்கள் எங்கே இடறுகிறார்கள்?

பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. கீபோர்டு போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். போகவில்லை! பக்கத்தில் இருப்பவர் எத்தனை எழுத்து என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

பழைய லேப்டாப்பில் பொதிகளை இறக்கும்போது 'கையொப்பம் செல்லாது' என்ற ரீதியில் பிழை வரும். இணையத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள். போர்டில் உள்ள காசு மாதிரியான சி-மாஸ் பேட்டரி செத்திருந்தால் கடிகாரம் பல வருஷம் பின்னால் போயிருக்கும். பிறக்காத தேதியிட்ட கையொப்பத்தை எந்த மெஷின் நம்பும்? மணியைச் சரிசெய்தால் பிழை போய்விடும். பேட்டரியை மாற்றினால் நிரந்தரமாகத் தீரும். நம் துறை ஆட்களுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே லேப்டாப்பில் வைத்திருப்பவர்களுக்கு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது மணி ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும். கம்ப்யூட்டரின் கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. சண்டை அவ்வளவுதான். இரண்டில் ஒன்றை மற்றதற்கு ஒத்துப்போகச் செய்தால் போதும்.

தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வருகிறதா? கெட்டுப்போகவில்லை, தமிழ் எழுத்துருவை நீங்கள் இன்னும் நிறுவவில்லை. 'நோட்டோ' எழுத்துருக்களைப் போடுங்கள். தட்டச்சுக்கு 'ஐ-பஸ்' நிறுவினால் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும்.

மிகவும் பொதுவான இடறல், ஆறாம் படியில் நெட்வொர்க் மேனேஜரை மறந்துவிடுவது. ரீபூட் ஆனதும் இணையம் இருக்காது. இணையம் இல்லாமல் அதை நிறுவவும் முடியாது! உடனே எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். பென் டிரைவில் பூட் செய்யுங்கள், டிஸ்க்கை மவுன்ட் செய்யுங்கள், சி-ஹெச்-ரூட் மூலம் உள்ளே போங்கள், விட்டுப்போனதை நிறுவுங்கள், வெளியே வாருங்கள். பத்து நிமிஷம்.

இந்த ஒரு வித்தையைப் பிடித்துக்கொண்டால் போதும், நண்பர்களே. பாஸ்வேர்டு மறந்தாலும், பூட் லோடர் போனாலும், ஒரு கோப்பைத் தப்பாகத் திருத்திவிட்டாலும் இதே வழிதான். கட்டியவனுக்கு வீட்டின் பின்வாசல் தெரியும். கடையில் போட்டுத் தந்ததை வைத்திருப்பவருக்குத் தெரியாது. பயம் போவது இங்கேதான்.

மலை மேல் இருப்பவர்களுக்கு

ஆர்ச்சுக்கு 'வெர்ஷன் 5, வெர்ஷன் 6' என்று கிடையாது. நாள்தோறும் புதுப்பித்தல் வந்துகொண்டே இருக்கும். சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடுகிற எங்கள் பகுதியில் இது ஒரு சோதனைதான். அதற்குச் சில வழிகள்:

கல்லூரியிலோ நல்ல சிக்னல் உள்ள இடத்திலோ இருக்கும்போது புதுப்பியுங்கள். இறக்கிய பொதிகள் எல்லாம் 'பேக்மேன்' என்ற பொதி நிர்வாகியின் சேமிப்பில் அப்படியே இருக்கும். அவற்றைப் பென் டிரைவில் எடுத்துப் போய் ஊரில் உள்ள இன்னொரு ஆர்ச் மெஷினுக்கும் கொடுக்கலாம். பட்டியலும் பொதிகளும் ஒரே நாளில் எடுத்தவையாக இருக்க வேண்டும். பாதியைப் புதுப்பித்துப் பாதியைப் பழசாக விடக் கூடாது. அப்படிச் செய்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் நின்றுவிடும்.

ஆர்ச்சின் வழிகாட்டி 'விக்கி' முழுவதையும் ஒரு பொதியாகவே நிறுவிக்கொள்ளலாம். அதன்பின் சிக்னல் இல்லாவிட்டாலும் படிக்கலாம்.

கரண்ட். காற்று மழைக் காலத்தில் எங்கள் பக்கம் மரம் விழுந்து கம்பி அறுவது வாடிக்கை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொடைக்கானல் மலைப்பகுதியே இருண்டு கிடந்தது. பேட்டரி செத்த பழைய லேப்டாப்பில் கெர்னலைப் புதுப்பிக்கும்போது நடுவில் கரண்ட் போனால் மறுநாள் பூட் ஆகாமல் போகலாம். வானம் கறுத்திருக்கும்போது புதுப்பிக்காதீர்கள். அப்படியே ஆகிவிட்டாலும் என்ன? பின்வாசல் சாவி, அந்தப் பென் டிரைவ், உங்களிடம்தான் இருக்கிறதே!

இணையமே சரியாக இல்லாத வீட்டுக்கு ஆர்ச்சை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவர்களுக்கு டெபியன். டி.வி.டி. அளவுள்ள கோப்பு ஒன்றைக் கல்லூரியில் இறக்கிக் கொண்டுபோனால் இணையம் இல்லாமலே நிறுவலாம். அதன் நிறுவல் திரையைத் தமிழிலேயே பார்க்கவும் முடியும். அம்மா, தங்கை பயன்படுத்துகிற மெஷினுக்கும் டெபியனே நல்லது, அடிக்கடி மாறாது. ஆர்ச் நம் பட்டறை, டெபியன் வீட்டுப் பாத்திரம்.

கற்றுக்கொள்வது எப்படி?

நிறுவி முடித்தால் படிப்பு முடிந்ததா? இனிமேல்தான் ஆரம்பம். எந்தக் கட்டளைக்கும் முன்னால் 'மேன்' என்று தட்டினால் அதன் கையேடு வரும். ஆங்கிலம்தான். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு முதலில் மலைப்பாக இருக்கும். ஆனால் இலக்கிய ஆங்கிலம் இல்லை. திரும்பத் திரும்ப இருநூறு முந்நூறு சொற்கள்தான் வரும். டிவைஸ், மவுன்ட், பெர்மிஷன், ஃபெயில்டு. ஒரு மாதத்தில் பழகிவிடும். தமிழில் படிக்கக் 'கணியம்' இருக்கிறது.

பிழை வந்தால் முதலில் அதை முழுசாகப் படியுங்கள். பெரும்பாலும் பதில் அந்த வரியிலேயே இருக்கும். பிறகு ஒருவரிடம் கேட்கும்போது, 'வேலை செய்யல அண்ணா' என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, திரையில் வந்த வாசகம் என்ன என்ற நான்கையும் சொல்லுங்கள். டாக்டரிடம் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னால் மருந்து கொடுப்பாரா?

இன்னொன்று. இப்போது ஏ.ஐ.யிடம் கேட்டால் நொடியில் ஒரு கட்டளை வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் அர்த்தம் புரியாத கட்டளையை ரூட் அதிகாரத்தில் ஒட்டாதீர்கள். ரூட் என்பவர் ராஜா. 'எல்லாவற்றையும் அழி' என்றால் 'நிஜமாகவா?' என்று லினக்ஸ் பெரும்பாலும் திருப்பிக் கேட்காது. அன்றாட வேலைக்குச் சாதாரணப் பயனராக இருங்கள்.

சில சந்தேகங்கள்

'இதனால் வேலை கிடைக்குமா?' லினக்ஸ் நிறுவத் தெரிந்ததற்காக மட்டும் யாரும் ஆர்டரைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். ஆனால் சர்வர் அறையிலும், நெட்வொர்க் வேலையிலும், ராஸ்பெர்ரி பை போன்ற சிறு போர்டுகளிலும் இருப்பது இதுதான். நேர்முகத் தேர்வில் 'பூட் ஆவது எப்படி?' என்று கேட்டால், புத்தகத்தை ஒப்பிக்காமல் செய்ததைச் சொல்லலாம்.

'மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கு எதற்கு?' வரைபடத்துக்கு லிப்ரேகேட், முப்பரிமாணத்துக்கு ஃப்ரீகேட் இரண்டும் லினக்ஸில் இலவசமாக ஓடும். ஆனால் சில நிறுவனங்கள் கேட்கிற ஆட்டோகேட் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

'லேப்டாப் கெட்டுப்போனால்?' இயங்குதளம் கெடும், மெஷின் கெடாது. மறுபடி நிறுவலாம். மூன்றாவது தடவை நிறுவும்போது வழிகாட்டியைப் பார்க்காமலே பாதி செய்வீர்கள்.

ஒரு வேண்டுகோள்

வெளியூர்களில் லினக்ஸ் குழுக்கள் 'நிறுவல் முகாம்' நடத்துவது உண்டு. மெஷினைக் கொண்டுவருகிறவருக்குத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவார். ஆனால் கீபோர்டைத் தொடுவது மெஷினின் சொந்தக்காரர்தான். அதுதான் விதி. நம் மாணவர் மன்றமும் வருஷத்துக்கு இரண்டு சனிக்கிழமை இதை ஏன் நடத்தக் கூடாது? கணிப்பொறித் துறையினர் நிறுவலைப் பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் துறையினர் செத்த பேட்டரியையும் ஆடுகிற சார்ஜர் பின்னையும் பார்த்துக்கொள்கிறோம். கொடைக்கானல் மலைப் பக்கமிருந்து வருகிற மாணவர்கள் வீட்டு அலமாரியில் தூங்குகிற லேப்டாப்பைக் கொண்டுவரட்டும். கல்லூரி ஒரு ஹால், நாலு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒரு வைஃபை தந்தால் போதும்.

ஒரு முகாமில் பத்து பேர் கற்றால், மலையில் ஐந்து ஊருக்காவது ஒருவர் கிடைப்பார். அடுத்த தடவை ஊரில் யார் வீட்டு லேப்டாப் நின்றாலும், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளையையே பக்கத்தில் உட்கார வைத்து, 'நீயே தட்டு தம்பி, நான் சொல்றேன்' என்று ஆரம்பித்துவிடலாம். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். முதல் அடியை நாம் வைப்போம், நண்பர்களே!